உடல் இம்பிடன்ஸ் அளவிடும் சுற்று: பாதுகாப்புக்காக மின்தேக்கி சேர்த்ததும் அளவு நகர்ந்துகொண்டே போகிறது

கோவை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டில் படிக்கிறேன். மணிக்கட்டு முதல் கணுக்கால் வரையிலான உடல் இம்பிடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கு உடல் காட்டும் மொத்த எதிர்ப்பை) 50 கிலோஹெர்ட்ஸில் அளந்து, அதன் மின்தடைப் பகுதியையும், மின்தேக்கித் தன்மையால் வரும் மின்மறுப்புப் (ரியாக்டன்ஸ்) பகுதியையும் தனித்தனியாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்வது எங்கள் குழுவின் திட்டப்பணி. சுற்றை விவரித்துவிட்டு என் சிக்கல்களைச் சொல்கிறேன்.

சைன் அலையை ஏடி9833 மாட்யூல் தருகிறது. அதைப் பெருக்கி, டிஎல்082 ஆப்-ஆம்ப் (செயல்பெருக்கி) கொண்டு கட்டிய மேம்படுத்திய ஹாவ்லண்ட் மின்னோட்ட மூலத்துக்கு, அதாவது சுமை மாறினாலும் அதே மின்னோட்டத்தைத் தள்ளும் சுற்றுக்கு, கொடுக்கிறோம். நான்கு மின்தடைகளும் 10 கிலோஓம், 0.1% துல்லியம் கொண்டவை. மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் மின்தடை 1 கிலோஓம். டிஎல்082-இன் மறுபாதி பின்னூட்டப் பாதையில் பஃபராக (மின்னழுத்தத்தை அப்படியே நகலெடுத்துத் தரும் நிலையாக) நிற்கிறது. வெளிவரும் மின்னோட்டம் 500 மைக்ரோஆம்பியர் ஆர்எம்எஸ். இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து ±5 வோல்ட் எடுத்துக்கொள்கிறோம். இசிஜி ஜெல் எலக்ட்ரோடு நான்கு. வெளி இரண்டில் மின்னோட்டம் செல்கிறது, உள் இரண்டிலிருந்து ஐஎன்ஏ128 என்ற வேறுபாட்டுப் பெருக்கி மின்னழுத்தத்தை எடுத்து 3 மடங்காக்கித் தருகிறது. எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு அதை மாதிரியெடுத்து யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது.

எலக்ட்ரோடு இருக்கும் இடத்தில் 499 ஓம் மின்தடையை நேரடியாகப் பொருத்தியபோது அளவு ஆடாமல் நின்றது. நேர்மின்னோட்டம் உடலுக்குள் போகக்கூடாது என்று வழிகாட்டி சொன்னதால் மூலத்தின் வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரடு மின்தேக்கி ஒன்றைத் தொடராகச் சேர்த்தோம். அன்றிலிருந்து சிக்கல். மின்சாரம் கொடுத்த ஒன்றிரண்டு நொடிகளில் ஆசிலாஸ்கோப்பில் அலையின் மேல்முனை தட்டையாக வெட்டுப்படுகிறது. மின்தேக்கியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. இரண்டாவதாக, லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினால் அளவு 10 ஓமுக்கு மேல் தாவுகிறது. மூன்றாவதாக, 1 மீட்டர் ஷீல்டு கேபிளின் ஷீல்டைத் தரையோடு இணைத்தால் மின்மறுப்பு நம்ப முடியாத அளவுக்கு மாறுகிறது. ஷீல்டை ஆப்-ஆம்ப் பஃபர் கொண்டு ஓட்டிப் பார்த்தால் பஃபரே இரண்டு மெகாஹெர்ட்ஸ் அளவில் அலைவெழுப்பத் தொடங்கிவிடுகிறது.

இவற்றோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "அரை மில்லிஆம்பியர்தானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லி நண்பர்கள் தங்கள் மேல் ஒட்டிப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எந்த நிலையில் இந்தச் சுற்றை மனித உடலோடு இணைக்கலாம் என்று சொல்ல முடியுமா?


பழைய_சால்டர் எழுதியது:

உங்கள் தயக்கம் சரியானது. முதல் சிக்கலுக்கான விடையும் அந்தத் தயக்கத்துக்கான விடையும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

டிஎல்082-இன் உள்ளீட்டு ஆஃப்செட் மின்னழுத்தம் (உள்ளீடே இல்லாதபோதும் உள்ளே நிற்கும் சிறு நேர்மின்னழுத்தப் பிழை) 5 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆப்-ஆம்புக்கு இது வழக்கமான அளவுதான். ஹாவ்லண்ட் சுற்றில் அது இரட்டித்து, மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் 1 கிலோஓம் மேல் 10 மில்லிவோல்ட்டாக விழும். அதாவது, சைன் அலை ஒன்றுமே இல்லாதபோதும் உங்கள் மூலம் 10 மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. 499 ஓமை நேரடியாகப் பொருத்தியிருந்தபோது அந்த 10 மைக்ரோஆம்பியர் அதன் வழியே அமைதியாக ஓடியது; 5 மில்லிவோல்ட் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. மின்தேக்கியைச் சேர்த்ததும் அந்த நேர்மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. மின்னோட்ட மூலம் என்பது போக்கிடம் இல்லாவிட்டால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும் பொருள். 0.1% மின்தடைகள் நான்கும் தத்தம் எல்லையில் எதிரெதிராக விலகி நின்றாலும் உங்கள் மூலத்தின் வெளியீட்டுத் தடை 500 கிலோஓமுக்குக் குறையாது. 10 மைக்ரோஆம்பியரை அதனால் பெருக்கினால் 5 வோல்ட் வருகிறது. அதாவது ஆப்-ஆம்ப் மின்வழங்கலின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். 500 கிலோஓமையும் 1 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் அரை நொடி. நீங்கள் பார்த்த ஒன்றிரண்டு நொடிக் கணக்கு இதுதான். 1% மின்தடை போட்டிருந்தால் இந்தச் சிக்கல் அநேகமாகத் தலைகாட்டியே இருக்காது. காசு கொடுத்து நல்ல மின்தடை வாங்கியதற்கு இது பரிசு.

தீர்வு எளிது. மின்தேக்கிக்கு முன்பாக, ஆப்-ஆம்ப் பக்கத்தில், வெளியீட்டிலிருந்து தரைக்கு 47 கிலோஓம் ஒன்றைப் போடுங்கள். ஆஃப்செட் அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். சைன் மின்னோட்டத்தில் சில சதவீதம் அந்த 47 கிலோஓம் வழியாகக் கசியும் என்று நீங்கள் கவலைப்படலாம். கவலை வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது பாதுகாப்பு. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1 தரநிலை, இப்படி அளவிடுவதற்காக உடலுக்குள் செலுத்தப்படும் மின்னோட்டத்தை நோயாளித் துணை மின்னோட்டம் என்று வகைப்படுத்துகிறது. இதயத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிஎஃப் வகைக் கருவியில் நேர்மின்னோட்டம் இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியரையும், ஒற்றைப் பழுது நிலையில் 50 மைக்ரோஆம்பியரையும் தாண்டக்கூடாது. மாறுமின்னோட்டத்துக்கு அவை 100, 500. ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அலைவெண் ஏற ஏற இந்த மாறுமின்னோட்ட வரம்பும் அதே விகிதத்தில் ஏறும். 50 கிலோஹெர்ட்ஸில் இயல்பு நிலை வரம்பு 5 மில்லிஆம்பியர். எந்த அலைவெண்ணிலும் 10 மில்லிஆம்பியர் என்பது உச்சம். ஆகவே "500 மைக்ரோஆம்பியர், ஒன்றும் ஆகாது" என்பது, சுற்று ஒழுங்காக வேலை செய்யும்வரை, உண்மை. ஒழுங்காக வேலை செய்யாத நாளில் என்ன ஆகும் என்பதே கேள்வி. மின்தேக்கி இல்லாத உங்கள் முதல் சுற்றில் ஆப்-ஆம்ப் பழுதாகி வெளியீடு +5 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டால், 1 கிலோஓம் உள் மின்தடையும், உடலும் தோலும் சேர்ந்த இன்னொரு 1 கிலோஓமும் கொண்ட பாதையில் 2.5 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும். அது பழுது நிலை வரம்பைப்போல் 50 மடங்கு. ஜெல்லுக்கு அடியில் தோலைப் புண்ணாக்க நேர்மின்னோட்டத்துக்கு அதிக நேரம் தேவைப்படாது. போதாக்குறைக்கு, பழுதே இல்லாதபோதும் உங்கள் ஆஃப்செட் மின்னோட்டம் இயல்பு நிலை வரம்பைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

அதனால் மின்தேக்கி கட்டாயம். ஆனால் 1 மைக்ரோஃபாரடு தேவையற்ற அளவுக்குப் பெரிது. செலுத்தும் எலக்ட்ரோடில் ஒன்று, திரும்பும் எலக்ட்ரோடில் ஒன்று என்று இரண்டு மின்தேக்கிகள் போடுங்கள்; ஒவ்வொன்றும் 4.7 நானோஃபாரடு. எல்லாம் தலைகீழாகப் போன ஒரு நாளைக் கற்பனை செய்யுங்கள்: ஏடி9833-க்குத் தவறான எண் போய் அலைவெண் 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, ஆப்-ஆம்ப் முழு 5 வோல்ட் உச்சத்துக்கு ஆடுகிறது. இரண்டு மின்தேக்கியும் தொடராக 2.35 நானோஃபாரடு; ஆர்எம்எஸ் 3.5 வோல்ட்; மின்னோட்டம் 52 மைக்ரோஆம்பியர். அதில் ஒரு மின்தேக்கி குறுக்கடைத்துப் போனால் 104. ஒற்றைப் பழுது வரம்பான 500-க்கு வெகு கீழே. 50 ஹெர்ட்ஸுக்கே இறங்கினாலும் 3 மைக்ரோஆம்பியருக்குள்தான் ஓடும். நான் மிகவும் ரசிக்கும் இடம் இது: தரநிலையின் வரம்பு அலைவெண்ணோடு ஏறுகிறது, மின்தேக்கி விடும் மின்னோட்டமும் அலைவெண்ணோடு ஏறுகிறது. சரியான மின்தேக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எந்த அலைவெண்ணிலும் அது வரம்புக்குக் கீழேயே நடந்துபோகும். மென்பொருளோ, கண்காணிப்புச் சுற்றோ அதற்குத் துணை வேண்டியதில்லை. மென்பொருளை நம்பிப் பாதுகாப்பு வைப்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, 50 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மின்தேக்கியும் 677 ஓம் மின்மறுப்பாக வழியில் நிற்பது. 500 மைக்ரோஆம்பியருக்கு உங்கள் ஆப்-ஆம்ப் 2.5 வோல்ட் உச்சத்துக்குள் ஆடினால் போதும். ±5 வோல்ட்டில் டிஎல்082 அதைத் தாங்கும்.

கடைசியாக, துல்லியம். உங்கள் மின்னோட்ட மூலம் 500 கிலோஓம் வெளியீட்டுத் தடை கொண்டது என்பது நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே உண்மை. 50 கிலோஹெர்ட்ஸில் டிஎல்082-இன் திறந்த பெருக்கம் (பின்னூட்டம் இல்லாதபோதுள்ள பெருக்கம்) ஏறத்தாழ 60-தான். அங்கே வெளியீட்டுத் தடை சில பத்து கிலோஓமுக்குச் சரிந்துவிடும். கம்பியிலும் போர்டிலும் சேரும் 100 பிகோஃபாரடு தன்பங்குக்கு 32 கிலோஓமாக நிற்கும். எனவே மின்னோட்டம் 500 மைக்ரோஆம்பியர்தான் என்று நம்பிக் கணக்கிடாதீர்கள், அளந்து கணக்கிடுங்கள். திரும்பும் எலக்ட்ரோடுக்கும் தரைக்கும் நடுவில் 470 ஓம், 0.1% மின்தடை ஒன்றைப் போட்டு, அதன் மேல் விழும் மின்னழுத்தத்தை இன்னொரு ஐஎன்ஏ128 வழியாக, அதே 3 மடங்கு பெருக்கத்தில் எடுங்கள். எஸ்டிஎம்32எஃப்103-இல் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி இரண்டு இருக்கின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் மாதிரியெடுக்கச் செய்ய முடியும். உடல் மின்னழுத்தத்தை மின்னோட்ட மின்னழுத்தத்தால் வகுத்தால், 47 கிலோஓம் கசிவு, பேட்டரி இறக்கம், ஆப்-ஆம்ப் வெப்பநிலை மாற்றம் எல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும்.

அதைவிட முக்கியம், கட்டக்கோணம், அதாவது மின்னழுத்த அலைக்கும் மின்னோட்ட அலைக்கும் இடையிலான கோண வேறுபாடு. மனித உடலில் 50 கிலோஹெர்ட்ஸ் கட்டக்கோணம் பொதுவாக 5 முதல் 7 பாகைதான். 500 ஓமில் 1 பாகை பிழை விழுந்தால் மின்மறுப்பில் கிட்டத்தட்ட 9 ஓம் போய்விடும். மொத்த மின்மறுப்பே 50 ஓம் சொச்சம். இந்த அலைவெண்ணில் 1 பாகை என்பது 56 நானோநொடி. ஐஎன்ஏ128 ஒன்று தனியாகவே இரண்டு மூன்று பாகை தாமதிக்கும். இரண்டு தடத்திலும் ஒரே பெருக்கி, ஒரே பெருக்கம் இருந்தால் அந்தத் தாமதமும் அடிபட்டுவிடும். 560 ஓம் ஒன்றைச் செலுத்தும் பக்கத்திலும் தொடராகச் சேர்த்துவிடுங்கள். நிலைமின் பாய்ச்சலிலிருந்து ஆப்-ஆம்பையும் காக்கும்.


வார்டு_பொறியாளர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். நான் மருத்துவமனையில் கருவிகளின் கசிவு மின்னோட்டத்தைச் சோதிப்பவன் என்பதால் உங்கள் இரண்டாவது சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை அளவீட்டுப் பிழையாகப் பார்க்காதீர்கள். நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் அபாயமானது அதுதான்.

பேட்டரியில் ஓடும் கருவி, யுஎஸ்பி கம்பி செருகப்பட்ட நொடியிலிருந்து பேட்டரிக் கருவி அல்ல. லேப்டாப் அடாப்டருக்குள் மின்வலைப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே இரைச்சலை அடக்குவதற்காக ஒரு ஒய்-மின்தேக்கி இருக்கும். 2.2 நானோஃபாரடு என்று வைத்தால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே 160 மைக்ரோஆம்பியர்வரை வரக்கூடும். சார்ஜர் செருகிய லேப்டாப்பின் உலோக மேற்பரப்பைப் புறங்கையால் தடவினால் சொரசொரவென்று உணர்வது இதைத்தான். மூன்று முனை அடாப்டரில் இது தரைக் கம்பிக்குப் போய்விட வேண்டும். ஆனால் நம் விடுதி அறைகளில் தரைத் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை, இரண்டு முனை மாற்றியைப் போட்டுச் செருகுகிறவர்களும் உண்டு. 50 ஹெர்ட்ஸில் எந்தச் சலுகையும் கிடையாது. அலைவெண்ணோடு ஏறும் வரம்பு 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. உங்கள் அளவு 10 ஓம் தாவியது, இந்த மின்னோட்டத்துக்கு உங்கள் சுற்று ஒரு வழியைத் திறந்துவிட்டதன் அறிகுறி.

ஆசிலாஸ்கோப்பும் இதே கதை. புரோபின் தரைக் கிளிப் கருவியின் மூன்று முனைக் கம்பி வழியாக நேரே கட்டடத்தின் தரையோடு சேர்ந்திருக்கிறது. உடலில் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது அந்தக் கிளிப்பைச் சுற்றில் மாட்டினால், உடலைத் தரையோடு கட்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த மனிதர் இன்னொரு கையால் பழுதான எதையாவது தொட்டால் பாதை முழுமையாகிவிடும். பணிமேசையில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நல்லவேளையாக அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

யுஎஸ்பி ஐசொலேட்டர் மாட்யூல் வாங்கிப் போட்டுவிடலாமே என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் மலிவான மாட்யூல்களில் தரவுக்கான சிப் நல்லதாகவே இருக்கும். அதன் பக்கத்தில் மின்வழங்கலுக்காக உட்கார்ந்திருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியோ 1 கிலோவோல்ட் தாங்கும் தொழிற்சாலைத் தரப் பொருள், நோயாளிப் பாதுகாப்புக்கென்று செய்யப்பட்டதல்ல. சங்கிலியின் பலவீனமான கண்ணி அது. மாணவர் திட்டப்பணிக்கு என் ஆலோசனை ஒன்றே ஒன்று: கருவியிலிருந்து எந்தக் கம்பியும் வெளியே போகக்கூடாது. புளூடூத் மாட்யூல் போதும். பேட்டரியை மின்னேற்றும் துளை இருந்தால், மின்னேறும்போது அளவீடு இயங்காதபடி வயரிங்கிலேயே துண்டித்துவிடுங்கள். எலக்ட்ரோடு கம்பிகளைச் செருகும் இடமும் சார்ஜர் துளையும் ஒன்றையொன்று மறைக்கும்படி பெட்டியை வடிவமைப்பவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் நல்லது.

நண்பர்களைப் பற்றி: பேஸ்மேக்கரோ உடலுக்குள் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரோ உள்ளவர்கள் மேல் இதை ஒட்டவே கூடாது, ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும், இளைஞர்தானே என்று விட்டுவிடக்கூடாது. மனிதர்கள் மேல் அளந்து அந்த எண்களை அறிக்கையில் எழுதப் போகிறீர்கள் என்றால், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். சக மாணவர்கள் விருப்பப்பட்டு வந்தாலும் அனுமதியும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவைதான். மேலே சொன்ன தரநிலையின் இந்திய வடிவம் ஐஎஸ் 13450 என்ற எண்ணில் இருக்கிறது. குழு கேட்டால் அதை மேற்கோள் காட்டலாம்.


வாழைத்தண்டு எழுதியது:

மூன்றாவது சிக்கல் எனக்குப் பழகியது. கேபிளின் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே மீட்டருக்கு 100 பிகோஃபாரடு போல இருக்கும். மின்னழுத்தம் எடுக்கும் எலக்ட்ரோடின் தோல் தடை 1 கிலோஓம் என்றால், ஷீல்டைத் தரையில் கட்டியதும் அவை இரண்டும் சேர்ந்து 100 நானோநொடி தாமதத்தைக் கொண்டுவரும். 50 கிலோஹெர்ட்ஸில் அது 1.8 பாகை. பழைய_சால்டர் அவர்கள் 1 பாகைக்கே 9 ஓம் போகும் என்று கணக்குக் காட்டியிருக்கிறார். அதுவும் இரண்டு எலக்ட்ரோடின் தோலும் ஒரே மாதிரி இருக்காது. வறண்ட தோலுக்கு ஒரு தாமதம், ஈரத் தோலுக்கு ஒரு தாமதம் என்று ஆளுக்கு ஆள் மாறும். வகுத்துப் பார்க்கும் உத்தி இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் இந்தத் தாமதம் ஒரு தடத்தில் மட்டும்தான் விழுகிறது.

ஷீல்டைப் பஃபரால் ஓட்டுவது சரியான வழிதான். நீங்கள் விட்டது ஒரே ஒரு மின்தடை. ஆப்-ஆம்பின் வெளியீட்டில் கேபிளின் கொள்திறன் நேராகத் தொங்கினால் பின்னூட்டத்தில் கூடுதல் தாமதம் சேர்ந்து அது அலைவெழுப்பும். பஃபருக்கும் ஷீல்டுக்கும் நடுவே 100 ஓம் போடுங்கள். 100 பிகோஃபாரடோடு சேர்ந்து அது 10 நானோநொடிதான், 50 கிலோஹெர்ட்ஸில் கண்ணுக்குத் தெரியாது. பஃபரின் பெருக்கத்தை 1-க்குச் சற்றுக் கீழே, 0.98 போல வைத்தால் இன்னும் நிம்மதி; பெருக்கம் 1-ஐத் தாண்டினால் ஷீல்டே நேர்ப் பின்னூட்டமாகிவிடும். இடம் இருந்தால் பஃபரை எலக்ட்ரோடின் முதுகிலேயே உட்காரவைப்பது எல்லாவற்றிலும் மேல், ஆனால் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அது அதிகம்.

மின்னழுத்தம் எடுக்கும் கம்பிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஐஎன்ஏ128 பழுதானால் அதன் உள்ளீட்டிலிருந்தும் மின்னோட்டம் வெளிவரலாம். இங்கே பலர் 100 கிலோஓமைத் தொடராகப் போடுவார்கள். 5 வோல்ட்டை 50 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் அதுதான் வரும். கணக்கு சரி, விளைவு மோசம். 100 கிலோஓமும், பெருக்கியின் உள்ளீட்டிலும் போர்டிலும் இருக்கும் 10 பிகோஃபாரடும் சேர்ந்து 17 பாகை திருப்பிவிடும். அதற்குப் பதிலாக, போர்டில் கேபிள் வந்து சேரும் இடத்தில் 1 நானோஃபாரடு மின்தேக்கி, அதற்குப் பின் தரைக்கு 1 மெகாஓம். எலக்ட்ரோடின் அரைக்கல மின்னழுத்தமும் (உலோகமும் ஜெல்லும் தொடும் இடத்தில் எழும் நேர்மின்னழுத்தம்) இதனால் வடிகட்டப்படும். இரண்டு கம்பிக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய, அளந்து பொருத்திய மின்தேக்கிகளைப் போடுங்கள். பொருத்தம் தவறினால் இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தம் வேறுபாடாக வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வரும். திரும்பும் பக்கத்தில் 470 ஓமும் மின்தேக்கியும் இருப்பதால் உடல் முழுவதும் அரை வோல்ட் அளவில் பொதுவாக ஆடிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கை-கால் அளவீட்டில் 500 ஓம் இருப்பதால் இதைத் தாங்கலாம். நாளைக்கு மார்பை மட்டும் அளக்கப் போய் 25 ஓமைத் தேடினால் தாங்காது. கிலோஹெர்ட்ஸ் ஏற ஏற ஐஎன்ஏ128-இன் பொதுநிலை ஒடுக்கம் (இரண்டு உள்ளீட்டுக்கும் பொதுவான மின்னழுத்தத்தைத் தள்ளிவிடும் திறன்) குறைந்துகொண்டே போகும்.

சிலர் இத்தனைத் தொல்லை எதற்கு, இம்பிடன்ஸ் அளக்கும் ஏடி5933 என்ற ஒற்றைச் சிப்பில் முடித்துவிடலாமே என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது மேசைமேல் இருக்கும் பொருள்களை அளப்பதற்கான நல்ல சிப், உடலுக்கென்று செய்யப்பட்டதல்ல. அது இரண்டு முனை அளவீடு, ஆகவே தோலின் தடையும் சேர்ந்து வரும். இன்னொன்றையும் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்: 3.3 வோல்ட்டில் 2 வோல்ட் வீச்சு நிலையில் அதன் வெளியீடு 1.48 வோல்ட்டை மையமாகக் கொண்டு ஆடுகிறது, பெறும் பக்கமோ 1.65 வோல்ட்டில் நிற்கிறது. மின்னோட்டத்தைக் குறைக்கலாம் என்று 0.2 வோல்ட் வீச்சுக்கு மாற்றினால் வெளியீட்டு மையம் 0.173 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் நேர்மின்னழுத்தம் உடலின் குறுக்கே! மாறுமின்னோட்டத்தைக் குறைக்கப்போய் நேர்மின்னோட்டத்தை ஏற்றிவிடுவோம். வெளியே மின்தேக்கியும் பஃபரும் சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்த முடியும். சேர்த்து முடித்தபோது, நீங்கள் கட்டியிருக்கும் சுற்றில் பாதி என் போர்டில் வந்துவிட்டது.

மனித உடலுக்கு முன் எதை அளப்பது என்ற கேள்விக்கு: 1.5 கிலோஓமையும் 4.7 நானோஃபாரடையும் தொடராகச் சேர்த்து, அதற்கு இணையாக 560 ஓமைப் போடுங்கள். 560 ஓம் செல்களுக்கு வெளியே உள்ள திரவம், 1.5 கிலோஓம் உள்ளே உள்ள திரவம், மின்தேக்கி செல்சவ்வு. 50 கிலோஹெர்ட்ஸில் இது 423 ஓம் மின்தடையும் 45 ஓம் மின்மறுப்பும் காட்ட வேண்டும், கட்டக்கோணம் 6.1 பாகை, மனிதருக்கு மிக நெருக்கம். மின்தேக்கி சி0ஜி வகையாக இருக்கட்டும், எக்ஸ்7ஆர் வேண்டாம். மின்னழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் மதிப்பு மாறும் பொருளை அளவுகோலாக வைக்க முடியாது. ஒவ்வொரு எலக்ட்ரோடு கம்பியிலும் 300 ஓமிலிருந்து 1 கிலோஓம்வரை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். எண் அசையாமல் நின்றால்தான் உங்கள் நான்கு முனை அளவீடு உண்மையிலேயே நான்கு முனை.

அதன்பின் ஒரு உருளைக்கிழங்கு. நான்கு துருப்பிடிக்காத ஊசிகளை வரிசையாகக் குத்தி அளங்கள். மின்மறுப்பு தெளிவாகத் தெரியும். அதே கிழங்கை வேகவைத்து ஆறவிட்டு அதே இடைவெளியில் குத்தினால் மின்தடை வெகுவாக இறங்கி, மின்மறுப்பு கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். வெந்ததில் செல்சவ்வுகள் உடைந்துவிட்டன. என் பெயரில் இருக்கும் காய்கறியிலும் முயன்றிருக்கிறேன், ஆனால் அதன் நார் ஊசியைச் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும்.


கோவை_மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இடையில் ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே அதில் ஐந்து வாரம் போயிற்று. அந்த நேரத்தில் சுற்றைப் புதிய பிசிபியில் மீண்டும் கட்டினோம்.

47 கிலோஓம் போட்டதும் அலை வெட்டுப்படுவது நின்றது. எலக்ட்ரோடு கம்பியைக் கழற்றி மாட்டினாலும் உடனே மீள்கிறது. மின்னோட்டத்தை அளந்தபோதுதான் அது 500 அல்ல, 460 மைக்ரோஆம்பியர் என்று தெரிந்தது. இதுவரை நாங்கள் எழுதிவைத்த எண்கள் எல்லாம் எவ்வளவு பிழையானவை என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆப்-ஆம்பை வேண்டுமென்றே +5 வோல்ட்டில் ஒட்டவைத்து, 1 கிலோஓம் மின்தடையை உடலாக வைத்து அளந்தோம். மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் நிலையில் எண் ஒரு கணம் துள்ளி சுழியத்துக்கு வந்துவிட்டது. அலைவெண்ணை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியும் பார்த்தோம். 40 மைக்ரோஆம்பியரைத் தாண்டவில்லை.

ஷீல்டில் 100 ஓம் சேர்த்ததும் அலைவு அடங்கியது. மாதிரிச் சுமையில் 424 ஓமும் 46 ஓமும் வருகின்றன. எலக்ட்ரோடு கம்பியில் 1 கிலோஓமைச் சேர்க்கும்போது மின்மறுப்பு 1 ஓம் அசைகிறது, அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அரை மணி நேரம் ஓடவிட்டதில் மின்தடை 0.3 ஓமுக்குள் நின்றது. உருளைக்கிழங்குச் சோதனையைத் துறையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இப்போது லேப்டாப்புக்கும் கருவிக்கும் நடுவில் புளூடூத் மட்டும்தான்.

அனுமதி கிடைத்ததும் முதலில் என் மேலேயே ஒட்டினேன். ஆய்வகக் கட்டிலில் படுத்தவுடன் 580 ஓமும் 58 ஓமும் காட்டியது. ஆனால் படுத்த நிலையில் அசையாமல் இருக்கும்போதே மின்தடை ஏறிக்கொண்டே போய், பதினைந்து நிமிடத்தில் 589 ஓமில் நின்றது. தோழிக்கும் இதே போல ஏறியது. மாதிரிச் சுமையில் இல்லாத நகர்வு உடலில் மட்டும் ஏன்? ஜெல் காய்கிறதா, அல்லது மின்தேக்கியில் இன்னும் ஏதாவது மின்னேறுகிறதா?


பழைய_சால்டர் எழுதியது:

ஜெல் காய்ந்தால் தோல் தடை ஏறும்; ஆனால் தோல் தடையில் 1 கிலோஓம் மாற்றத்துக்கே உங்கள் அளவு 1 ஓமுக்கு மேல் அசைவதில்லை என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். மின்தேக்கி மின்னேறுவதாக இருந்தால் மாதிரிச் சுமையிலும் தெரிந்திருக்கும். இந்த 9 ஓம் உங்கள் சுற்றினுடையது அல்ல.

நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தவர் படுத்ததும், காலில் தேங்கியிருந்த திரவம் மெல்ல உடற்பகுதிக்குத் திரும்புகிறது. கையும் காலும் ஒல்லியானவை என்பதால் மணிக்கட்டு முதல் கணுக்கால் வரையிலான தடையில் பெரும்பங்கு அவற்றுடையது. அகலமான உடற்பகுதி மிகச் சிறிய பங்கே தருகிறது. காலிலிருந்து திரவம் விலகினால் மொத்தத் தடை ஏறத்தான் செய்யும். படுத்த முதல் பத்து நிமிடங்களில் ஏற்றம் வேகமாக இருந்து பிறகு தணியும். அதனால்தான் அளப்பதற்கு முன் பத்து நிமிடமாவது படுக்கவைப்பார்கள். கைகள் உடலைத் தொடாமலும் தொடைகள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்க வேண்டும். தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழி பிடித்துவிடும். செலுத்தும் எலக்ட்ரோடுக்கும் எடுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே 5 சென்டிமீட்டராவது விடுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் பதினைந்தாவது நிமிடம் எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, எலக்ட்ரோடுகளைக் கழற்றாமலேயே மீண்டும் படுத்துப் பாருங்கள். 580-ஐ ஒட்டி இறங்கி மறுபடி ஏறத் தொடங்கினால் அந்த வரைபடத்தை அறிக்கையில் போடலாம்.